ஆகாயத்தாமரைக் குளமும் அம்மாவின் காலும்

கேள்வி: நாங்கள் பாறசாலைக்காரர்கள். அம்மாவின் குடும்பம் 1930-களில் இருந்தே கேரளத்தில் ஆலப்புழைப் பக்கம் உள்ள சேர்த்தலையில் மளிகைக் கடை நடத்தியது. ஆச்சிக்கு யானைக்கால். அங்கேயே வளர்ந்த அம்மாவுக்கும் (79) இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கியிருக்கிறது. அடிக்கடி குளிர்காய்ச்சல் வருகிறது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பரம்பரை நோயா?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். கொசு கொண்டுவரும் நுண்புழுவால்தான் யானைக்கால் வருகிறது. ரத்த சொந்தத்தால் வராது, தொட்டாலும் கூட உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது. ஆச்சிக்கும் அம்மாவுக்கும் வந்ததற்குக் காரணம், இருவரும் ஒரே ஊரில், அதே குளங்களுக்கு நடுவே வாழ்ந்ததுதான்.

அந்தக் காலத்துச் சேர்த்தலையில் தோப்புக்குத் தோப்பு குளம். குளம் நிறைய, சின்ன முட்டைக்கோஸ் மிதப்பது போல ஆகாயத்தாமரை. தென்னைக்கு நல்ல உரம் என்று அதை விட்டு வளர்த்தார்கள். அங்கே யானைக்காலைப் பரப்பியது மான்சோனியா என்ற கொசு. அதன் குஞ்சுப் புழுக்கள் மற்ற கொசுப்புழுக்களைப் போல மூச்சுவிட மேலே வருவதில்லை. அந்தச் செடியின் வேரில் குழலைக் குத்தி, அங்கிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும். குளத்தை எட்டிப் பார்த்தால் ஒன்றுகூடக் கண்ணில் படாது. செடியைப் பிடுங்கி வேரை அலசிப் பார்த்தால்தான் தெரியும். தண்ணீர்தான் காரணம் என்று ஆச்சி காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் அதில் பாதி உண்மை; ஆனால் குடித்ததால் வந்ததல்ல.

1930-களில் கொசு ஆராய்ச்சியாளர் எம்.ஓ.டி. ஐயங்கார் திருவிதாங்கூரில் இந்த நோயையும் அதைப் பரப்பும் கொசுக்களையும் விரிவாக ஆராய்ந்தார். அப்போது சரியான மருந்து கிடையாது. நுண்புழுவைக் கொல்லும் டிஇசி மாத்திரை வந்ததே 1940-களின் கடைசியில்தான். குளத்துச் செடியை வாரிப் போடுவதுதான் கையில் இருந்த வழி. உரம் போகிறதே என்று தோப்புக்காரர் தயங்கியிருந்தால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1980-களில் அதே குளங்களில் மீன் வளர்க்கச் சொன்னார்கள். மீனில் காசு வந்ததும் மக்களே களையை எடுத்தார்கள்.

சரி, உங்கள் மகள் விஷயம். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கடி வாங்கினால்தான் பொதுவாக இந்த நோய் பிடிக்கும். பாறசாலையில் வளர்ந்த பெண்ணுக்குப் பாட்டியிடமிருந்து எதுவும் வராது. சந்தேகம் தீர வேண்டுமென்றால் இரவு பத்து மணிக்கு மேல் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். நுண்புழுக்கள் அந்த நேரத்தில்தான் ரத்தத்தில் அதிகம் நடமாடும்.

எனக்கு அதிகக் கவலை உங்கள் அம்மாவைப் பற்றித்தான். வீக்கம் முழங்காலுக்குக் கீழேயே நிற்பது சேர்த்தலைப் பக்கம் மான்சோனியா கொசு பரப்பிய வகையின் அடையாளம். இத்தனை வருஷத்தில் புழு செத்திருக்கும். அது குடியிருந்து கெடுத்த நிணநீர்க் குழாய்தான் மிச்சம். மாத்திரையால் மட்டும் கால் பழையபடி ஆகாது. அடிக்கடி வரும் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் விரலிடுக்கு வெடிப்பு வழியாக நுழையும் பாக்டீரியாதான் காரணம். தினமும் சோப்பும் சாதாரணத் தண்ணீரும் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமே இல்லாமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். சேற்றுப்புண் இருந்தால் அதற்கான களிம்பு தடவுங்கள். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலுக்குத் தலையணை வையுங்கள். காய்ச்சல் வந்த நாளில் தைலம் போட்டுத் தேய்க்காதீர்கள், சூடு ஒத்தடமும் வேண்டாம். ஈரத்துணியைச் சுற்றி, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படலாம்.