ஆங்கிலச் சோதனைத் தாள் தமிழில் சறுக்கும் இடங்கள்

கேள்வி: திருமங்கலம் பக்கம் மாலை வகுப்பு நடத்துகிறோம். 2, 3-ஆம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்க ஓர் ஆங்கிலத் தாளைத் தமிழாக்கினோம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூடக் குறைவாக வாங்குகிறார்கள். தமிழாக்கத்தில் பிழை இல்லை. எங்கே பிசகு?

பதில்: வாக்கியம் பிசகாமல் வந்திருக்கும், அது அளக்கும் திறன் மாறியிருக்கும். ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் 'இது எதைப் பார்க்கிறது?' என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை வைத்துத் தமிழில் புதிதாகக் கேள்வி அமையுங்கள்.

நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற ஆங்கில இலக்கை முதலில் எடுத்துவிடுங்கள். அங்கே மூன்று சின்னச் சொல்லில் முடிவது இங்கே 'படித்துக்கொண்டிருந்தாள்' என்று ஒரே சொல். எண்ணிப் பாருங்கள், 12 எழுத்து. பிள்ளை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். கணக்கில் ஏறுவதோ ஒரு சொல். மூன்று, நான்கு எழுத்துச் சொற்கள் நிறைந்த பத்தியை நீங்களே எழுதி, வேகத்தைத் தமிழ் வாசிக்கும் பிள்ளைகளுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

தனி எழுத்துகளை வாசிக்கச் சொல்லும் கட்டத்துக்குத் தமிழின் 247 எழுத்திலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. 'ஙௌ' எந்தப் பாடத்திலும் வராது. பாடநூலில் அடிக்கடி வருபவற்றை எடுங்கள். கெ–கே, கொ–கோ தடுமாற்றத்தைத் தனியாகக் குறித்தால் பிறகு பாடம் நடத்த உதவும். மனப்பாடமாக இல்லாமல் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்களா என்று பார்க்கப் பொருளில்லாச் சொற்கள் வைத்தால் தமிழ்ச் சொல் போலவே ஒலிக்க வேண்டும்: 'மிலபு' சரி, 'ளமிபு' கூடாது, தமிழ்ச் சொல் ளகரத்தில் தொடங்காது. நடுவில் வரும் பகரத்தைப் பிள்ளை 'பல்'லில் உள்ளதுபோல் சொன்னாலும் 'தம்பி'யில் உள்ளதுபோல் சொன்னாலும் சரியென்றே போடுங்கள்.

'மழை'யை 'மளை' என்று வாசித்தால் தப்புப் போடாதீர்கள். அது நம் ஊர்ப் பேச்சு. 'வந்தார்கள்' என்பதை 'வந்தாய்ங்க' என்று வாசிப்பது வேறு விஷயம். பொருள் பிடிபட்டுவிட்டது, எழுத்தைத் தொடரவில்லை. வாசிப்பில் அதற்குத் தனிக் குறி போடுங்கள். புரிதல் கேள்விக்கு அதே பிள்ளை பேச்சுத் தமிழில் பதில் சொன்னால் முழு மதிப்பெண். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பிள்ளை அந்த மொழியில் பதில் சொன்னாலும் ஏற்கலாம். கேட்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கில் ஊர்ப் பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. 'நீயும் அம்மாவும் டவுன் பஸ்ஸில் போகிறீர்கள். ஒரு டிக்கெட் 10 ரூபாய். மொத்தம் எவ்வளவு?' விடைத்தாளில் 20. ஆனால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. பையனுக்கு அரை டிக்கெட். '5' என்று சொன்ன பிள்ளை யோசித்துத்தான் சொல்கிறது, அதற்குப் பூஜ்யம் போடுவது அநியாயம். 'ஒரு முழம் மல்லிகை 10 ரூபாய், 2 முழம் எவ்வளவு?' என்று கேட்டால் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் பெருக்கல் கடினமாகிவிடாமல் பாருங்கள். மூலத்தில் 2 × 10 என்றால் இங்கேயும் அந்த அளவில் நிற்கட்டும்.

எண் வாசிப்பில் ஆங்கிலப் பிள்ளைக்கு 13-உம் 30-உம் குழம்பும். நம் பிள்ளைக்குக் கண்ணி 90: தொண்ணூறு என்ற பெயருக்குள்ளேயே 'நூறு' ஒலிக்கிறது, 900-க்கோ தொள்ளாயிரம். ஆகவே 80, 90, 800, 900 நான்கையும் வையுங்கள்.

தாள் தயாரானதும் ஏழெட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து, விடை கேட்குமுன் 'கேள்வி என்ன கேக்குது, நீயே சொல்லு' என்று கேளுங்கள். பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும். பிறகு 40 பிள்ளைகளிடம் நடத்தி, மொத்தத்தில் முன்னால் நிற்கும் 10 பேரையும் பின்தங்கிய 10 பேரையும் கேள்வி வாரியாக ஒப்பிடுங்கள். இரு பக்கமும் ஒரே அளவில் தவறினால் கேள்வியைச் சந்தேகியுங்கள். இந்தச் சோதனை ஓட்டத்திலேயே ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் இருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் மதிப்பெண் போடுங்கள். மாறுபடும் இடத்துக்கெல்லாம் விதியை எழுதி வைத்துக்கொண்ட பிறகே மற்ற வகுப்புகளுக்குப் போங்கள்.