தேறட்டும், விடுங்கள்

அன்புள்ள ஐயா,

டொராண்டோவில் வசிக்கிறேன். ஒன்றரைக் கிலோ தேனைத் தண்ணீரில் கரைத்து, ஈஸ்ட் சேர்த்து, நாலரை லிட்டர் கண்ணாடிக் குடுவையில் முதன்முறையாகத் தேன்மது செய்தேன். ஆறு வாரம் ஆகிறது. வாரந்தோறும் ருசி பார்க்கிறேன். தொண்டை எரிகிறது, தேன் மணமே இல்லை. கொட்டிவிடலாமா? ஓக் மரச்சில்லு, கிராம்பு போட்டால் சரியாகுமா?

க.

அன்புள்ள க.,

கொட்டாதீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்று ‘தேறல்’ என்ற சொல்லோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திருமுருகாற்றுப்படையில் கானவர்கள் குடிப்பது ‘நீடமை விளைந்த தேக்கள் தேறல்’. நெடிய மூங்கிலுக்குள் இருந்து முதிர்ந்த தேன்மது. தேக்கள் என்றாலே போதுமே, தேறல் எதற்கு? தேறுதல் என்றால் தெளிதல். கலங்கியது கள், தெளிந்தது தேறல். காய்ச்சலில் கிடந்த பிள்ளையையும் ‘தேறிவிட்டான்’ என்றுதான் சொல்கிறோம். அவனை மணிக்கொரு தரம் எழுப்பி விசாரித்தால் தேறுவானா?

கோடையில் எங்கள் வீட்டில் ஏரித் தண்ணீர்தான். பாட்டி மண்பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை நாலு சுற்று உரசிவிட்டு நீரை ஊற்றிவைப்பாள். தெளிந்துவிட்டதா என்று பார்க்க நான் கையை விடுவேன். படிந்த வண்டல் புகைபோல் எழுந்துவரும். “நீ பார்ப்பதால்தான் தெளியவில்லை” என்று உச்சந்தலையில் ஒரு குட்டு விழும். அதே குட்டு உங்களுக்கும் பாக்கி இருக்கிறது.

ருசி என்ற பெயரில் நீங்கள் குடித்துத் தீர்த்த இடத்தில் இப்போது காற்று உட்கார்ந்திருக்கிறது. அது தங்கினால் மணம் மங்கி நனைந்த அட்டையின் வாடை வரும். காடியாகவும் போகலாம். போலந்தில் ஒரு பங்கு தேனுக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்த மதுவுக்கு ‘த்ருய்னியாக்’ என்று பெயர். குறைந்தது 1 ஆண்டு முதிரவைக்கிறார்கள். அரைப் பங்கு நீர் மட்டும் சேர்த்ததற்கு 3 ஆண்டு. நீங்கள் ஆறு வாரத்தில் கடிதம் எழுதுகிறீர்கள்!

நுரைப்பு முழுக்க அடங்கியதும், அடிமண்டியைக் கலக்காமல் மேல்தெளிவை மட்டும் குழாய் வைத்துச் சின்னக் குடுவைக்கு இறக்குங்கள். கழுத்துவரை நிறைந்திருக்கட்டும். மூடி இருட்டில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு சின்னக் கிளாஸ், அதுவும் ஃப்ரிட்ஜில் வைக்காமல். குளிர்ந்தால் மணம் ஒடுங்கிவிடும். எரிச்சல் தணிந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். தணியாவிட்டால் எழுத வேண்டாம், மூடிவிடுங்கள்.

கிராம்பு ரசத்துக்கே அதிகம்.