தூங்குற டிபி கிருமி சாகாம இருக்குறது எப்படி?

கேள்வி: அப்பாவுக்கு டிபி, எனக்கு டெஸ்ட் பண்ணதுல கிருமி இருக்கு ஆனா நோய் இல்லங்குறாங்க. அது எப்படிங்க உள்ளயே உயிரோட இருக்கு? - வாசகி, தஞ்சாவூர்

பதில்: நம்ம எதிர்ப்பு செல்கள் கிருமியைச் சுத்தி வளைச்சு அடைச்சிடும்மா, உள்ள ஆக்சிஜன் குறைஞ்சதும் கிருமியோட டாஸ்ஆர்ங்கிற புரோட்டீன் அதோட சுமார் 50 ஜீன்களை ஆன் பண்ணிவிட, கிருமி பெருகுறதை நிறுத்திட்டு நம்ம செல்லோட கொழுப்பையே எடுத்து குட்டிக்குட்டி துளியா, எறும்பு அரிசி சேக்குற மாதிரி, தனக்குள்ள சேத்து வச்சு கொஞ்சம் கொஞ்சமா செலவு பண்ணும். இதுல பெரிய தலைவலி, டிபிக்கு கொடுக்குற ஐசோனியாசிட் மாத்திரை, கிருமி புதுசா செல்சுவர் கட்டும்போதுதான் நல்லா அடிக்கும், சும்மா கிடக்குறதை அவ்வளவா தொடாது, அதான் மாசக்கணக்கா மருந்து. 5-10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாள்ல இது நோயா மாறும், சர்க்கரை, எச்ஐவி இருந்தா ரிஸ்க் கூட. டாக்டர் தடுப்பு மாத்திரை கொடுத்திருந்தா தயவுசெஞ்சு பாதியில விட்றாதீங்க.