நிரலைத் தந்தாங்க, பேரையுமா தந்தாங்க?

கேள்வி: ஏனுங்க, ஓப்பன் சோர்ஸ் பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்றை எடுத்து, நிட்டிங், டையிங் ஜாப் ஒர்க் கணக்கெல்லாம் சேர்த்து, நாலைந்து பனியன் கம்பெனிகளுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஜிபிஎல் 3 லைசென்ஸ் (எடுத்து, மாற்றி, பிறருக்கும் கொடுக்கலாம் என்கிற ஓப்பன் சோர்ஸ் உரிமம்). பழைய பேருக்கு முன்னால் 'திருப்பூர்' என்று மட்டும் சேர்த்தேன், லோகோவைத் தொடவில்லை. இப்போது 'எங்கள் பேரை எடுங்கள்' என்று மெயில் வருகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதானே கொடுத்தார்கள்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: எடுத்துக்கொள்ளச் சொன்னது நிரலைங்க. காப்புரிமை (காப்பிரைட்) வேறு, டிரேட்மார்க் (வணிகச் சின்னம்) வேறு. இன்னொரு ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸான அப்பாச்சி 2.0-இன் 6-ஆம் பிரிவு, பேரையும் சின்னத்தையும் பயன்படுத்த அனுமதி இல்லை என்று நேராகவே சொல்கிறது. ஜிபிஎல் 3-இன் 7-ஆம் பிரிவு, அப்படி ஒரு வரியை விரும்பினால் சேர்த்துக்கொள்ள எழுதியவருக்கு இடம் கொடுக்கிறது. அந்த வரி இல்லாவிட்டாலும் டிரேட்மார்க் சட்டம் அப்படியேதான் இருக்கும்.

ஜமக்காளம் யார் வேண்டுமானாலும் நெய்யலாம், ஆனால் வேறு ஊர் விசைத்தறியில் ஓட்டியதைப் 'பவானி' என்று விற்றால் பவானிக்காரர் சும்மா இருப்பாரா? (அது புவிசார் குறியீடு, சட்டம் வேறு, வயிற்றெரிச்சல் ஒன்றுதான்.) நீங்கள் சேர்த்த டையிங் கணக்கு தப்பாகக் கூட்டினால் திட்டு விழுவது அந்த சாஃப்ட்வேரை முதலில் எழுதியவர்களுக்கு. பெரிய ஆட்களுக்கே இது நடந்திருக்கிறது. டெபியன் என்கிற லினக்ஸ் தொகுப்பைத் தருகிறவர்கள், ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் தங்கள் திருத்தங்களைப் போட்டு, லோகோவின் லைசென்ஸ் ஒத்துவரவில்லை என்று அதை விட்டுவிட்டு, பேரை மட்டும் வைத்திருந்தார்கள். ஃபயர்பாக்ஸ் பேருக்குச் சொந்தக்காரரான மொசில்லா ஒத்துக்கொள்ளவில்லை. 2006-இல் ஐஸ்வீசல் என்று பேர் மாற்றினார்கள், ராசியாகிப் பழைய பேருக்குத் திரும்ப 2016 ஆனது.

ஆகவே பேரை மாற்றிவிடுங்கள். ஐகான், லாகின் பக்கம், பில்லின் அடியில் அச்சாகும் வரி, இன்ஸ்டாலர், வெப்சைட் முகவரி எல்லாவற்றிலும்தான். முன்னால் ஊர்ப்பேரை ஒட்டினால் அவர்களுடைய திருப்பூர் கிளை என்றல்லவா நினைப்பார்கள்? 'இன்ன சாஃப்ட்வேரை அடிப்படையாகக் கொண்டது' என்று ஓரமாகச் சொல்வதில் பொதுவாகத் தப்பில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பேரை எடுக்கிறேன் பேர்வழி என்று, ஃபைல்களின் தலையில் இருக்கும் காப்புரிமை வரிகளையும் சேர்த்து அழித்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பேரை வைத்திருப்பதைவிடப் பெரிய தப்பு. அந்த வரிகள் இருக்க வேண்டும், நீங்கள் மாற்றியிருப்பதையும் தேதியோடு எழுத வேண்டும், வாங்கிய கம்பெனிக்கு சோர்ஸ் (மூல நிரல்) கிடைக்க வேண்டும். காசு வாங்குவதற்கு மட்டும் தடையே இல்லை, தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி: ஓஎஃப்எல் (ஃபான்ட்டுகளுக்கான ஓப்பன் லைசென்ஸ்) ஃபான்ட் ஒன்றில் 'ழ' வடிவத்தை மாற்றினேன். பழைய பேரிலேயே நண்பர்களுக்குக் கொடுக்கலாமா?
– ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்காரர், ஈரோடு

பதில்: லைசென்ஸ் ஃபைலின் மேலேயே 'ரிசர்வ்ட் ஃபான்ட் நேம்' (ஒதுக்கி வைத்த பேர்) என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால், எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் அந்தப் பேரில் கொடுக்கக் கூடாது. ஃபைல் பேரை மட்டும் மாற்றினால் போதாது, மென்பொருளின் ஃபான்ட் பட்டியலில் தெரிகிற பேர் ஃபான்ட்டுக்கு உள்ளே இருக்கிறது, அதை மாற்றுங்கள். கடையில் ஃப்ளெக்ஸ் அடிப்பதற்கு இதெல்லாம் ஒன்றுமே வேண்டாம்.