கண்ணிவெடி நிதி: கேள்வி பதில்

செந்தூல் வாசகர்: ஒரு கண்ணிவெடி எடுக்க எத்தனை வெள்ளி ஆகும், ஐயா?
வெடிக் கணக்கு வேண்டாம். கொடை நாடுகளின் பணத்துக்குக் கணக்கு, வெடி அபாயம் இல்லை என்று விடுவித்த நிலம். ஊராரை விசாரித்து வரைபடம் போடுவது முதல் வேலை. அதிலேயே சந்தேக நிலத்தில் பெரும்பகுதி வெடி இல்லாதது என்று பட்டியலிலிருந்து ரத்தாகிவிடும், செலவும் சொற்பம். அடுத்து தொழில்நுட்ப ஆய்வு, அதாவது கருவியோடு உள்ளே போய்ச் சோதித்து வெடி உள்ள இடத்தைக் குறுக்குவது. மிஞ்சிய இடத்தில்தான் தோண்டுவார்கள். முதல் வேலையில் கோட்டைவிட்டவர்கள் வெடியே இல்லாத மண்ணைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். அறிக்கையில் சதுர மீட்டர் மட்டும் அமோகமாக இருக்கும். ஆகவே ரத்தானது, ஆய்வில் குறைந்தது, தோண்டியது என மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பட்டர்வொர்த் அன்பர்: இலங்கையில் வெடி அகற்றும் வேலை ஏன் இவ்வளவு இழுக்கிறது?
பி4 வகை மிதிவெடியில் உலோகம் மிகக் குறைவு, கருவிக்கு எளிதில் சிக்காது. பல இடங்களில் கையால், வாரியால் மண்ணைச் சுரண்டி எடுக்கிறார்கள். செலவில் பெரும்பங்கு சம்பளம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தியதுபோல நிதி நின்றால், பழகிய ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். புது ஆட்களுக்கு முதலிலிருந்து பயிற்சி. மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கைப்படி, வெடிகளை அகற்றி முடிக்க இலங்கைக்குக் கெடு 2028 ஜூன் 1.

ஜார்ஜ்டவுன்: வரிக் கழிவு கிடைக்குமா?
வருமான வரி வாரியம் அங்கீகரித்த அமைப்புக்குத் தந்தால் மட்டும். வெளிநாட்டுக்கு நேரே அனுப்பினால் கிடைக்காது.

கிள்ளான் அக்கா: நிலம் கிடக்கட்டும், கால் போனவர்களுக்குத் தரக்கூடாதா?
தாராளமாகத் தரலாம். உடன்படிக்கையின் 6ஆம் விதியே அதைச் சொல்கிறது. ஆனாலும் கொடை நாடுகள் அதற்கு ஒதுக்குவது சிறு பங்குதான். நிலத்தை ஒருநாள் முடித்து ஒப்படைக்கலாம், காலுக்கு முடிவுத் தேதி கிடையாது. வளரும் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுச் செயற்கைக் கால் வேண்டும். விருந்து வைத்துத் திரட்டும் நிதி முதல் காலோடு தீர்ந்துவிடும்.

பாயான் லெப்பாஸ்: அப்படியானால் முழுத் தொகையையும் காலுக்கே கொடுத்துவிடலாமே! வெடித் துப்புரவு அரசாங்கத்தின் பொறுப்பு.
மருத்துவமும் அரசாங்கத்தின் பொறுப்புதான், தம்பி. துப்புரவை நிறுத்தினால் அடுத்த ஆண்டு கால் கேட்டு வருபவர் கூடுவார்.

கிள்ளான் அக்கா: முன்பே இழந்தவர் காத்திருக்கணுமா?
வேண்டாம். செயற்கைக் கால் செய்யும் ஒரு பட்டறைக்கு ஐந்தாண்டு மாதத் தவணையாகத் தாருங்கள்.

ரவாங்: ஒரு வெடிக்கு எவ்வளவு?
முதல் பதில்.

பிரிக்பீல்ட்ஸ்: பழைய செயற்கைக் கால்களைச் சேகரித்து அனுப்பலாமா?
அனுப்பாதீர்கள். கால் நுழையும் குழி ஒவ்வொருவர் அளவுக்கும் வார்த்தது, இன்னொருவருக்கு ஒத்துவராது, புண்ணாகும். பாதம், முட்டி போன்ற உதிரிகளைச் சில பட்டறைகள் ஏற்கும். முன்கூட்டிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.