வாசகர் கேட்டவை: பலத்த காற்றுக்கு முன் படகை எங்கே நிறுத்துவது?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து 12 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகில் லங்காவியிலிருந்து ஜனவரியில் திருகோணமலைக்கு வரவிருக்கிறோம். அங்கு நிற்கும்போது பலத்த காற்று பற்றிய அறிவிப்பு வந்தால், நகருக்கு வடக்கேயுள்ள பேக் பே குடாவிலேயே நின்றுகொள்ளலாமா, உள்துறைமுகத்துக்குப் போய்விட வேண்டுமா? (ஒரு வாசகர், பினாங்கு)

பதில்: துறைமுகக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி பெற்று உள்துறைமுகத்துக்குப் போய்விடுங்கள், அதையும் காற்று எழுவதற்கு முந்தைய நாளே, நல்ல பகல் வெளிச்சத்தில் செய்துவிடுங்கள். பேக் பே வடகிழக்கு நோக்கித் திறந்து கிடக்கும் குடா. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் மாதங்களில் அது நல்ல ஒதுக்கிடம். ஆனால் வாடை வீசும் ஜனவரியில் வங்கக் கடலின் அலை தடையின்றி உள்ளே வந்துவிடும். உள்துறைமுகமோ கொட்டியாரக் குடாவிலிருந்து ஒரு வாயில் வழியாக உள்ளே புகுந்து, மேடுகளால் சூழப்பட்டுக் கிடக்கிறது. சோழமண்டலக் கரையில் வாடைக்கு ஒதுங்க இத்தகைய இடம் இல்லை. 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்களை ஒரே புயல் சிதறடித்தது. 1782இல் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் திருகோணமலையை மாறி மாறிக் கைப்பற்றியதற்கு இந்த ஒதுக்கிடமே முக்கியக் காரணம்.

உள்ளே போய்விட்டால் மட்டும் போதாது. உள்துறைமுகத்தின் எந்தக் கரையை ஒட்டி நிற்பது என்பதே நீங்கள் உண்மையில் யோசிக்க வேண்டிய கேள்வி. பலரும் இப்போது வீசும் காற்றைப் பார்த்து இடம் பிடிக்கிறார்கள். நள்ளிரவில் காற்று திசை மாறியதும், அதுவரை காத்த கரையே படகுக்குப் பின்னால் பாறையாக வந்து நிற்கிறது. ஆகவே, காற்று எந்தத் திசையில் தொடங்கி எந்தத் திசையில் முடியும் என்பதை முன்னறிவிப்பிலிருந்து கணித்து, அதன் மிகப் பலத்த பகுதிக்கு எந்தக் கரை மறைப்பாகும் என்று வரைபடத்தில் பாருங்கள். உயரமான மேட்டைத் தேட வேண்டியதில்லை. மேட்டைத் தாண்டி விழும் காற்று ஒருசமயம் ஓய்ந்தும் ஒருசமயம் அறைந்தும் படகை இருபுறமும் அலைக்கழிக்கும். தாழ்ந்த கரையானாலும் அலை ஓடிவர நீர்ப்பரப்பு விடாத கரையே மேலானது. காற்றின் நிலையான இழுப்பை நல்ல நங்கூரம் தாங்கிவிடும், ஆனால் படகின் முன்முனையான அணியத்தைத் தூக்கித் தூக்கிப் போடும் அலைதான் அதைக் கொஞ்சங்கொஞ்சமாகப் பிடுங்குகிறது.

அடுத்தது அடிமண். சேறும் மணலும் பிடிமானம் தரும். பாறையும் கடற்பாசி அடர்ந்த தரையும் பிடிமானம் தருவதுபோல் ஏமாற்றும். வரைபடத்தில் குறித்திருப்பதோடு நிற்காமல், ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடியில் சிறிது சவர்க்காரம் தடவி இறக்கிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு வருவதே அடிமண்.

சங்கிலியைத் தாராளமாக விடுங்கள். நீராழம் 6 மீட்டர், அணியம் நீருக்குமேல் ஒன்றரை மீட்டர் என்றால் மொத்தம் ஏழரை மீட்டர். அதைப்போல் ஏழு மடங்கு, அதாவது 52 மீட்டருக்குக் குறையாத சங்கிலி வெளியே இருக்க வேண்டும். காற்றின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டராக இரட்டித்தால் இழுவிசை நான்கு மடங்காகும் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். உள்துறைமுகத்தில் ஆழம் மிகுந்த இடங்கள் பல இருப்பதால், சங்கிலி போதும் அளவுக்கு ஆழம் குறைந்த சிறு குடாவைத் தேடிக்கொள்ளுங்கள். படகு முழுவட்டம் சுற்றினாலும் கரையோ வேறு படகோ குறுக்கே வராத இடைவெளியும் அங்கே இருக்க வேண்டும். நங்கூரம் விழுந்தபின் இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டி மெல்ல மெல்ல இழுவையைக் கூட்டி, சங்கிலியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நங்கூரம் புதைந்துவிட்டால் சங்கிலி விறைத்து அமைதியாக இருக்கும். தரையில் இழுபட்டால் கரடுமுரடான அதிர்வு கைக்குத் தெரியும். அதிர்ந்தால் தயங்காமல் தூக்கி மறுபடியும் இடுங்கள்.

கேள்வி: நம் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் சிறு படகுக்காரருக்கு எதைச் சொல்கிறது? (ஒரு வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: ஆபத்தின் அளவை மட்டுமன்றிப் பக்கத்தையும் சொல்கிறது. இந்தியத் துறைமுகங்களில் 5ஆம் எண் ஏறினால், புயல் தன் பாதைக்கு இடப்பக்கத்தில் துறைமுகத்தை விட்டுக் கடக்கும் என்று பொருள்; 6 என்றால் வலப்பக்கம்; 7 என்றால் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்கும். 8, 9, 10 ஆகியவை இதே வரிசையில், கடும் புயலுக்கு உரியவை.

புயல் மேற்கு நோக்கி நகர்வதாகக் கொள்வோம். நம் பகுதியில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதால், பாதைக்கு இடப்பக்கமான தெற்கில் நிற்பவருக்குக் காற்று வடக்கில் தொடங்கி மேற்கு வழியாகத் தெற்குக்குத் திரும்பும். எனவே மேற்குக் கரையை ஒட்டி நிற்பது நல்லது. வலப்பக்கமான வடக்கில் நிற்பவருக்கு அது வடகிழக்கில் தொடங்கிக் கிழக்கு, தென்கிழக்கு எனத் திரும்பி, கடலையும் கரைமேல் ஏற்றும். அங்கே கிழக்குப் புறம் நிலத்தால் மறைக்கப்பட்ட இடமே தேவை. கிழக்கு நோக்கித் திறந்த துறையில் அப்படி ஓர் இடம் கிடையாது. 6ஆம் எண்ணுக்கோ 9ஆம் எண்ணுக்கோ காத்திராமல் சிறு படகைக் கரையேற்றிவிட்டு ஆட்கள் மேட்டுநிலத்துக்குப் போய்விட வேண்டும்.

கேள்வி: இரண்டு நங்கூரம் இடுவது கூடுதல் பாதுகாப்புதானே? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: காற்று ஒரே திசையில் நிற்குமானால் ஆம். திசை சுழலும் புயலில் படகு சுற்றச் சுற்ற இரண்டு கயிறுகளும் முறுக்கிக்கொள்ளும். பிறகு நெருக்கடியில் ஒன்றையும் தூக்க முடியாது. படகுக்குச் சொல்லப்பட்ட அளவைவிட ஒரு படி பெரிய ஒற்றை நங்கூரத்தை முழுச் சங்கிலியோடு இடுங்கள். இரண்டாவதைக் கயிறு கட்டி, சிக்கில்லாமல் சுருட்டி, அணியத்தில் கைக்கெட்டும்படி வையுங்கள். முதலாவது இழுபடத் தொடங்கினால் அப்போதே அதை இறக்கலாம்.