டர்பன்ல இறக்கி மசேருல டீ விக்கணும்னா

கேள்வி: டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. அவரு மச்சான் கொழும்புல டீ பேக் பண்ற கம்பெனில இருக்காராம், பாக்கெட் டீ நல்ல ரேட்டுக்கு தர்றேங்குறாராம். லெசோத்தோ தலைநகரம் மசேருல தெரிஞ்ச ஹோல்சேல் கடைக்காரர் ஒருத்தர் இருக்காரு. ஒரு கண்டெய்னர் இறக்கலாமா, வரி ரெண்டு தடவ கட்டணுமா, லாபம் நிக்குமான்னு கேக்குறாரு.

தம்பி, வரிய முதல்ல முடிச்சிடுவோம், எல்லாரும் பயப்படுறது அதுக்குத்தான், ஆனா பணம் போற இடம் பெரும்பாலும் அது இல்ல. லெசோத்தோவுக்கு கடலே கிடையாது, நாலு பக்கமும் தென்னாப்பிரிக்காதான், ரெண்டு நாடும் போட்ஸ்வானா, நமீபியா, எஸ்வாட்டினியோட சேர்ந்து ஒரே சுங்கக் கூட்டமைப்புல இருக்கு, அதனால டர்பன்ல ஒரு தடவ டியூட்டி, அதாவது இறக்குமதி வரி, கட்டிட்டா மசேரு பிரிட்ஜ் எல்லைல திரும்ப டியூட்டி கிடையாது. வாட் மட்டும் நாட்டுக்கு நாடு தனி, இங்கயும் 15%, அங்கயும் 15%. அரிசி, பிரவுன் பிரெட்டுக்கெல்லாம் இருக்குற ஜீரோ வாட் சலுகை டீக்கு இல்ல. துறைமுகத்துல அந்த வாட்ட எப்படி கணக்கு போடுறாங்கன்னா, எஃப்ஓபி விலையோட, அதாவது கொழும்புல கப்பல்ல ஏத்தற வரைக்குமான விலையோட, 10% கூட்டி, அதுமேல டியூட்டியையும் சேர்த்து, வர்ற மொத்தத்துக்கு 15%. ஒரு லட்சம் ராண்ட் சரக்குக்கு டியூட்டிய விட்டுட்டு பாத்தாலே 16,500 ராண்ட் வருது. நீங்க வாட் ரெஜிஸ்டர் பண்ணியிருந்தா இத திரும்ப கேட்டு வாங்கலாம், இல்லேன்னா அப்படியே அடக்க விலைல ஏறிடும், பாதி லாபம் அங்கயே காலி. அதனால ரெஜிஸ்ட்ரேஷனும், தென்னாப்பிரிக்க வரி ஆபீஸான சார்ஸ் குடுக்குற இம்போர்ட்டர் கோடும் கைக்கு வராம ஆர்டர் குடுக்காதீங்க.

டர்பன்ல வரி ஒண்ணும் கட்டாம, பாண்ட்ல, அதாவது உத்தரவாதம் மட்டும் குடுத்து, நேரா மசேருக்கு கொண்டு போயிடலாம்னு துறைமுகத்துல சரக்க எடுத்துக் குடுக்குற கிளியரிங் ஏஜென்ட் சொல்லுவாரு. வழி இருக்கறது நிஜம்தான். ஆனா அங்க ஓடலேன்னா திருப்பி இங்க கொண்டாந்து விக்கறதுக்குள்ள உயிர் போயிடும், டர்பன்லயே கட்டி எடுத்துட்டா மிச்சம் நிக்கிற பெட்டிய ஃபீனிக்ஸ்லயோ சாட்ஸ்வொர்த்லயோ தள்ளிடலாம், புதுசா ஆரம்பிக்கிறவருக்கு அதுதான் சரி.

இப்ப மெயின் விஷயம். மசேரு கடைல உங்களுக்கு போட்டி இன்னொரு இறக்குமதிக்காரர் இல்ல, நம்ம ஊர் சூப்பர்மார்க்கெட் லாரிதான். ஃபைவ் ரோசஸ், ஜோக்கோ, க்ளென்னு நம்ம ஊர் டீ பிராண்டெல்லாம் அங்க ஷெல்ஃப்ல நிக்குது, சனங்க பாத்துப் பழகினது நூல் இல்லாத டேக்லெஸ் பை, 100 பை 250 கிராம், அதாவது ஒரு பைக்கு இரண்டரை கிராம். கொழும்புல சாதாரணமா போடுறது நூலும் அட்டையும் கட்டின 2 கிராம் பை, 100 பை 200 கிராம்தான். பக்கத்து பக்கத்துல வச்சா உங்க டப்பா பெருசா தெரியும், எடைல 50 கிராம் கம்மி, வீட்டு செலவ பாத்து பாத்து பண்ற அம்மா அத கண்டிப்பா கவனிப்பாங்க. மச்சான்கிட்ட இரண்டரை கிராம் டேக்லெஸ் கேளுங்க. நூல் போனா டப்பாவும் சின்னதாகும், டீ லேசான சரக்கு, கண்டெய்னர் எடைல நிறையாது, இடத்துலதான் நிறையும், அதனால டப்பா சுருங்கினா ஒரு பெட்டிக்கு விழற கப்பல் கூலி குறையும்.

அடுத்தது உயரம், இத யாரும் யோசிக்கிறதில்ல. மசேரு கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 1,600 மீட்டர், அங்க தண்ணி 95 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், மொக்கோட்லாங் மாதிரி மலைப்பக்கம் போனா இன்னும் குறையும். டர்பன்ல நல்லா சாயம் இறங்கின டீ அங்க வெளுத்துப் போகும். பால், சக்கரை தாராளமா போட்டு குடிக்கிற ஊரு, குளிர்காலத்துல பனி விழற ஊரு, கப்புல நிறம் இல்லேன்னா திரும்ப வாங்க மாட்டாங்க. நுவரெலியா மாதிரி மெல்லிசான டீய அனுப்பாதீங்க, பொடி சைஸ் சின்னதா இருக்குற சிடிசி (மெஷின்ல நசுக்கி உருட்டின டீ), இல்லேன்னா தாழ்நிலத்து டஸ்ட் கிரேட் (தூள் டீ) பாருங்க. சாம்பிள மசேருக்கு எடுத்துட்டுப் போய் அந்த ஊர் தண்ணியில, அந்தக் கடைல விக்கிற பாலு ஊத்தி, ஜோக்கோ ஒரு கப், உங்களது ஒரு கப் போட்டு கடைக்காரர் வீட்டு ஆட்களுக்கே குடுங்க, எது எதுன்னு சொல்லாம.

விலைய குறைச்சு ஜெயிச்சிடலாம்னு நினைக்காதீங்க. மலாவி டீ தெற்கு ஆப்பிரிக்க நாடுகளோட சாடெக் ஒப்பந்தத்துல டியூட்டி இல்லாம வரலாம், கொழும்பு சரக்குக்கு அந்த சலுகை கிடையாது.

முதல் லோடு சின்னதா எல்சிஎல்ல, அதாவது மத்தவங்க சரக்கோட ஒரே கண்டெய்னர்ல பங்கு போட்டு, கொண்டு வரணும்னு தோணும், நானும் முழு கண்டெய்னர் இப்ப வேண்டாம்னுதான் சொல்லுவேன், ஆனா டீ பக்கத்துல இருக்குற வாசனைய அப்படியே இழுத்துக்கும். அதே கண்டெய்னர்ல மசாலாவோ சோப்போ வந்தா முடிஞ்சது, சரக்க ஏத்தி அனுப்புற ஃபார்வர்டர்கிட்ட உங்க டீயோட வேற என்ன ஏறுதுன்னு எழுத்துல வாங்குங்க. கிராமத்துக் கடைல பாரஃபின் (மண்ணெண்ணெய்) பக்கத்துலயே டீய அடுக்கி வச்சிருப்பாங்க, அதனால வெறும் அட்டைப்பெட்டி போதாது, உள்ள ஃபாயில் கவர் கட்டாயம் வேணும்.

டைம்ல கொஞ்சம் இடைவெளி விடுங்க. 2023 கடைசில டர்பனுக்கு வெளிய கப்பல் கப்பலா காத்துக் கிடந்துச்சு, 2024 செப்டம்பர்ல வான் ரீனன் கணவாய்ல பனி கொட்டி என்3 ரோடே மூடிட்டாங்க. உங்க லாரி அந்த வழியாதான் ஹாரிஸ்மித், பெத்லஹேம்னு போகணும். ஜூன்ல ஆரம்பிக்கிற குளிர்கால விற்பனைக்கு சரக்கு ஏப்ரல்லயே குடோன்ல இருக்கணும்.

பணத்துல ஒரு நிம்மதி, லெசோத்தோ பணமான லோட்டியும் நம்ம ராண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு, டாலர் ஏறுறத மட்டும் பாத்துக்கிட்டா போதும். கடைக்காரர் தன் வண்டிலயே டர்பன் வந்து ஏத்திக்கிட்டா 15% வாட் போட்டு பில் குடுங்க, நீங்களே மசேருல கொண்டு இறக்கினா வாட்ட ஜீரோ ரேட் (0%) பண்ணலாம், ஆனா எல்லை தாண்டின பேப்பர் ஒவ்வொண்ணும் ஃபைல்ல இருக்கணும்.

லேபிள்ல எடை, பேட்ச், தேதி, எந்த நாட்டு சரக்கு, இறக்குமதி பண்றவர் பேரு அட்ரஸ் எல்லாம் வரணும். சிலோன் டீயோட சிங்க லோகோ போடணும்னா முழுக்க சிலோன் டீயா இருந்து இலங்கையிலேயே பேக் பண்ணியிருக்கணும், இலங்கை டீ போர்டு அனுமதியும் வேணும். மச்சான் பிரிண்டிங்குக்கு அனுப்புறதுக்கு முன்னாடி டிசைன கிளியரிங் ஏஜென்ட்கிட்டயும் மசேரு கடைக்காரர்கிட்டயும் ஒரு தடவ காட்டிடுங்க.